ஆடி வரைக்கும் ஒரு ஜாடிப் பால்

என் ஓரகத்தி தையல்நாயகி பால் பாத்திரத்தைத் திறக்கும்போது முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொள்வாள். மூச்சை அடக்கிக்கொண்டு மூடியை எடுப்பாள், ஓரக்கண்ணால் பார்ப்பாள், மூடியைத் திரும்ப வைத்த பிறகுதான் மூச்சு விடுவாள். ஆவி முகத்தில் அடிக்காமல் இருக்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஆறிப்போன பாலுக்கும் அப்படித்தான் திருப்புவாள். மோருக்கோ குழம்புக்கோ திருப்ப மாட்டாள். பாலுக்கு மட்டும்தான்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எல்லாப் பெண்களையும்போல அவளும் பாலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்வாள். பழக்கம் மாறியது எப்படி என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சிரித்துவிட்டுத்தான் போவாள். நான் கூடவே இருந்து பார்த்தேன். எனக்கு அதிகம் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில், மலைக்குக் கீழே. வீட்டில் மாமியார் வெள்ளையம்மாள், அவருடைய பெரிய மகன் முருகையன், அவர் மனைவி தையல்நாயகி, சின்ன மகன் சீனுவாசன், அவர் மனைவி நான். தையல்நாயகியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவுக்குப் பிறந்த ஊர் வளவனூர். கல்யாணமாகி வந்தபோது வண்டிக்குப் பின்னால் ஒரு கிடாரிக் கன்றையும் கட்டி அனுப்பினார்கள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதனால் பெயரும் சுட்டிதான். வளவனூரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவை இரண்டே உயிர்கள், அக்காவும் சுட்டியும். வந்த முதல் வாரம் இரண்டும் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமியார் இன்றைக்கும் சொல்வார். நான் வந்தபோது சுட்டி இரண்டு கன்று போட்டு, வீட்டுக்குக் குறைவில்லாமல் கறந்துகொண்டிருந்தது. அக்காவைத் தவிர யார் மடியில் கை வைத்தாலும் காலைத் தூக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம். ஈரம் காயாத கொடியைக் கொட்டகைப் பக்கம் போட்டிருந்தார்கள். கட்டை அவிழ்த்துக்கொண்ட சுட்டி அதில் வாய் வைத்துவிட்டது. மத்தியானம் நாங்கள் கழனியிலிருந்து வந்தபோது அதன் வயிறு தவில்போல உப்பிக் கிடந்தது. கால்களை நீட்டிப் படுத்துவிட்டது. முருகையன் மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றினார். வாயில் குறுக்கே குச்சி கட்டிப் பார்த்தார். தெருவே கொட்டகையில் நின்றது. அக்கா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்.

"மாரியாத்தா, எஞ் சுட்டி எழுந்து நின்னுட்டா, ஆடி வெள்ளில இவ பால்லயே உனக்குப் பொங்க வைக்கிறேன்."

பொழுது சாய்வதற்குள் சுட்டி ஏப்பம் விட்டது. பிறகு சாணி போட்டது. பிறகு எழுந்து நின்று, தன்னைச் சுற்றி ஏன் இத்தனை கூட்டம் என்பதுபோலப் பார்த்தது.

ஐப்பசியில் கன்று போட்ட மாடு அது. வைகாசியில் பால் வற்றிவிடும். ஆடியில் மடியில் ஒரு சொட்டு இருக்காது. கொட்டகையில் நின்ற எல்லோருக்கும் இது தெரியும். கேட்டிருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். ஆனால் அம்மனுக்கு உகந்த மாதம் ஆடி, அதனால் வாயில் ஆடி வந்துவிட்டது. யாருக்கும் அந்த நேரத்தில் மாட்டுக் கணக்கு நினைவில் இல்லை.

மறுநாள் காலையில் மாமியாருக்குத்தான் முதலில் உறைத்தது.

"ஏண்டி நாயகி, ஆடில இவகிட்ட ஏதுடி பாலு?"

அக்கா சாணியை அள்ளிக்கொண்டே, "கறப்பா அத்தே" என்றாள்.

"நீ சொன்னா கறப்பாளா? போன வருசமும் நீ சொல்லித்தான் வத்தினாளா?"

"வேணும்னா நெய்யி எடுத்து வைக்கட்டுமா?"

"நெய்யின்னா நேர்ந்த? ஊரே கேட்டுக்கினு இருக்கச் சொல்ல பாலுன்னுதான நேர்ந்த? நெய்யி பொங்குமா?"

மாமியார் குரலை உயர்த்துகிறவர் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார்.

"ஆத்தாளுக்குப் பாக்கி வச்ச மாட்டக் கொட்டாயில கட்டிவைக்கறது இந்த ஊட்டுல பழக்கம் இல்ல. எங்க மாமனார் காலத்துல ஒரு நேர்ச்ச நின்னுபோயி ஒரு ஜோடி எருது அடுத்தடுத்துப் பூட்ச்சி. ஆடி வெள்ளில பொங்கலன்னா, அடுத்த சந்தைக்குத் திண்டிவனத்துக்கு ஓட்டிக்கினு போயிட வேண்டியதுதான். சொல்லிட்டேன்."

முருகையன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. அம்மா சொன்னதற்கு மேல் அவர் பேச மாட்டார் என்று அக்காவுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு மாரியம்மன் கோயில் பூசாரி பெரியதம்பியிடம் போனாள். அவர் கோயிலுக்குப் பக்கத்தில் கேப்பை காயவைத்துக்கொண்டு காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பால இப்பவே எடுத்து, கெடாம வச்சிருந்து, ஆடில பொங்க வச்சா ஆத்தா ஏத்துக்குவாளாண்ணே?" என்று அக்கா கேட்டாள்.

"ஆறு மாசம் பால வச்சிருக்கப் போறியா? எங்கூட்ல காலைல வச்சது மத்தியானம் திரிஞ்சி போவுது."

"வச்சிருந்தா?"

அவர் காக்கையை ஒரு தடவை விரட்டிவிட்டு யோசித்தார். "பொங்கினா பாலு. பொங்கலன்னா பாலு இல்ல. அதுக்கு மேல நான் இன்னாத்த சொல்றது? ஆனா ஒண்ணு. ஆத்தாளுக்குன்னு எடுத்து வச்சத நாக்குல வைக்கக் கூடாது. மோந்தும் பாக்கக் கூடாது. மோந்தா எச்சில் பண்ண மாதிரி."

இது எங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். படையலுக்குச் சமைக்கும்போது உப்புப் பார்க்க மாட்டோம். ஆனால் படையல் காலையில் சமைத்து மத்தியானம் படைக்கிற விஷயம். மாதக்கணக்கில் ஒரு பாலை முகராமல் வைத்திருப்பது எப்படி?

பாலைக் காய்ச்சி, மறுபடி மறுபடி சூடுகாட்டி, உமி அடுப்பில் அணையாமல் வைத்தால் மறுநாள் வரை நிற்கும். அதற்கு மேல் எங்கள் ஊரில் யாருக்கும் வழி தெரியாது. மீந்தால் உறை ஊற்றுவோம், மோராக்குவோம், நெய் எடுப்போம். பாலைப் பாலாகவே வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

மாசி மாதம் அக்காவின் அண்ணன் கண்ணையன் தங்கையைப் பார்க்க வந்தார். விழுப்புரம் ஜங்ஷனில் டீக்கடையில் வேலை. ரயில்வேயில் தெரியாத சங்கதி இல்லை என்று நினைப்பவர். அக்கா கஷ்டத்தைச் சொன்னதும் தொடையைத் தட்டினார்.

"இதுக்கா மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு கீற? பாட்டில்ல ஊத்தித் தக்கையால அடச்சி, பாட்டிலோட வேவ வையி நாயகி. உள்ள காத்துப் பூரலன்னா வருசம் ஆனாலும் கெடாது. மெட்ராஸ்லேர்ந்து வர்ற டாக்டர் ஒருத்தரு எங்க கடையில ஒக்காந்துக்கினு சொல்லிக்கினு இருந்தாரு."

அடுத்த முறை வரும்போது ஒரு சாக்கில் காலி டானிக் பாட்டில்களும் தக்கைகளும் கொண்டுவந்து போட்டார். டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் அவர் கேட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. பாட்டிலில் மேலே கொஞ்சம் இடம் விட வேண்டுமாம். டாக்டர் அதைச் சொன்ன நேரத்தில் ரயில் வந்திருக்கும், டீ ஊற்றப் போயிருப்பார்.

அக்கா பாட்டில்களைச் சாம்பல் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தாள். பாலைக் கழுத்து முட்ட ஊற்றினாள், தக்கையை அறைந்து நூலால் இறுக்கிக் கட்டினாள். வேகவைக்க எங்கள் வீட்டில் இருந்த பெரிய பாத்திரம் நெல் அவிக்கிற அண்டா. அன்றைக்கு நெல் அவியல் நாள். ஊறவைத்த நெல்லுக்கு நடுவில் பாட்டில்களைப் புதைத்து, மேலே சாக்குப் போட்டு மூடினாள். ஒரே அடுப்பில் இரண்டு வேலை என்று அவளுக்குச் சந்தோஷம்.

நெல் வாசம் வரத் தொடங்கிய நேரத்தில் அண்டாவுக்குள்ளே டப்பென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. சாக்கு ஒரு சாண் எழும்பி விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், நெல்லெல்லாம் பால், பாலெல்லாம் கண்ணாடி. ஓர் அண்டா நெல்லை அப்படியே குழி வெட்டிப் புதைத்தோம். மாடு கோழி வாயில் படக்கூடாது என்று முள் போட்டு மூடினோம்.

மாமியார் திட்டவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டு, "ஆத்தாளுக்குப் பொங்கல் வைப்பான்னு பாத்தா, நெல்லுக்குப் பாலபிசேகம் பண்ணிட்டா" என்றார். அதுவே ஒரு வாரத்துக்குத் தெருவில் ஓடியது.

ஒரே ஒரு பாட்டில் உடையாமல் இருந்தது. அக்கா அதை அடுக்களைப் பலகையில் வைத்தாள். தினம் பார்த்துப் பார்த்து நம்பிக்கை வளர்த்துக்கொண்டாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்து, குனிந்து கங்கு அள்ளிக்கொண்டிருந்தாள். நூல் அறுந்து தக்கை பறந்துவந்து அவள் கொண்டையில் அடித்தது. கூடவே வந்த வாசனையை முகர வேண்டிய அவசியமே இருக்கவில்லை, தெருமுனை வரை போனது.

"உங்கூட்டுக்கு நெருப்பு வாங்க வந்தவள சுட்டுட்டியேடி" என்று கோவிந்தம்மாள் கொண்டையைத் தடவிக்கொண்டு போனாள். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு அக்கா கொட்டகைக்குப் போய் சுட்டியின் கழுத்தைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் நின்றாள்.

பங்குனி வந்தது. பால் குறையத் தொடங்கிவிட்டது. அக்கா இனிமேல் பாட்டில் வேண்டாம், பாலிலிருக்கிற தண்ணீரை விரட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள். ஊறுகாயும் வற்றலும் எப்படி நிற்கின்றன என்று யோசித்திருக்கிறாள். தண்ணீர் இருந்தால்தானே கெடும், ஆடியில் அந்தத் தண்ணீரைத் திருப்பி ஊற்றிக்கொண்டால் போகிறது என்றாள். அதோடு இனிப்பும் சேர்த்தால் இன்னும் நிற்கும் என்று நினைத்து, பால் பாதி சுண்டியதும் வெல்லத்தை நுணுக்கிப் போட்டாள். ஒரே நிமிஷத்தில் பால் திரிந்து, கட்டி தனி நீர் தனியாகிவிட்டது. திரிந்ததைத் தெருப் பிள்ளைகள் வழித்துத் தின்றுவிட்டு நாளைக்கும் செய்வாயா என்று கேட்டன.

வெல்லத்தில் இருக்கிற ஏதோ ஒன்று பாலுக்கு ஆகவில்லை, சர்க்கரைதான் வேண்டும் என்று புரிந்தது. சர்க்கரை எங்கள் வீட்டில் காய்ச்சல்காரருக்கும் விருந்தாளிக்கும் மட்டும் வருகிற பொருள். அக்கா தன் பங்குக்கு வந்த மல்லாட்டையைத் திண்டிவனத்தில் விற்றுவிட்டுச் சர்க்கரையும், ஊறுகாய் வாசனை படாத புது ஜாடி ஒன்றும் வாங்கிவந்தாள்.

மறுநாளிலிருந்து காலைப் பால் வீட்டுக்கு, சாயங்காலப் பால் அம்மனுக்கு. குளித்துவிட்டு, ஈரப் புடவைத் தலைப்பை மூக்கை மூடிப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டுதான் அடுப்புமுன் உட்காருவாள்.

"இன்னாடி, திருடப் போறவ மாதிரி மூக்கக் கட்டிக்கினு?" என்று கோவிந்தம்மாள் கேட்பாள். இப்போதெல்லாம் அவள் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் நெருப்புக் கேட்பாள்.

"வாசன பூந்துடும்க்கா."

"நீ இப்புடி ஒக்காந்திருக்கறதப் பாத்தா ஆத்தாளே பயந்துடுவா."

விறகு வைத்தால் அடிப்பிடிக்கும், மல்லாட்டைத் தோல் போட்டால் குப்பென்று எரிந்து அடங்கும். வரட்டிதான் சரியான சூடு என்று அக்கா கண்டுபிடித்தாள். அகப்பையை நிறுத்தாமல் துழாவுவாள். பால் ஆடையைச் சட்டியின் ஓரத்தில் படிய விடமாட்டாள், வழித்து வழித்து உள்ளே தள்ளுவாள். பால் மூன்றில் ஒரு பங்காகும்போது சர்க்கரை. அதற்குப் பிறகு பொறுமை வேண்டும். நாக்கும் மூக்கும் இல்லாததால் கண்ணை நம்பினாள். அகப்பையால் நடுவில் கோடு இழுத்தால் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் உட்கார வேண்டும். அப்போது இறக்கி, ஆறவைத்து, ஜாடியில் போட்டு, சுட்டியின் பாலில் எடுத்த நெய்யையே உருக்கி மேலே ஊற்றுவாள். அடுத்த நாள் நெய்யைத் தள்ளிவிட்டுப் புதிதை வைத்து மறுபடி மூடுவாள். ஜாடியைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைத்தாள், எறும்புக்காக.

சித்திரை பாதியில் சுட்டி ஒரு வேளைதான் கறந்தது. அந்த ஒரு வேளைப் பாலை என்ன செய்வது என்று அக்காவுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. மாமியார் காலையில் காப்பிக்கு உட்கார்ந்தார். அக்கா பாலை டம்ளரில் ஊற்றப் போனாள்.

"எனக்கு வேணாம். பாலு சேந்தா நெஞ்ச கரிக்குது. கடுங்காப்பி குடு" என்றார் மாமியார்.

பால் இல்லாத காப்பியை அவர் அதற்கு முன்பு குடித்து நான் பார்த்ததில்லை. அன்று முதல் ஆடி வரை அதைத்தான் குடித்தார், ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. இருந்தாலும், "ஆடி வெள்ளில பொங்கலன்னா சந்தைதான்" என்பதை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை சொல்லிவிடுவார்.

வைகாசியில் சுட்டி வற்றியது. ஜாடி கழுத்துவரை நிறைந்திருந்தது. அக்கா கடைசியாக நெய்யை விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, மூடி வைத்து, துணியால் கட்டினாள். இனிமேல் அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. திறந்தால் காற்றுப்படும். முகர்ந்தால் எச்சில். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் பொங்குகிறதா பார்க்கலாமே என்று நான் சொன்னேன்.

"ஆத்தாளுக்கு வச்சத முன்னாடியே பரீட்ச பாக்கறதா? போடி அம்சா" என்றாள்.

பொங்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கெட்டுப்போயிருந்தால் அடுப்பில் ஏற்றியதும் திரிந்துவிடும். திரிந்த பால் பொங்காது. அவ்வளவுதான்.

நான் தினம் அந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரமாக எறும்புச் சாரி ஒன்று பலகைக்கு ஏறிவரும். தட்டு விளிம்பு வரை வந்து, தண்ணீரைச் சுற்றிக் கும்பலாக நின்று, வழி இல்லாமல் இறங்கிப்போகும். மறுநாளும் வரும். அக்காவிடம் சொன்னேன்.

"எறும்பு வருதுக்கா. உள்ள நல்லாதான் இருக்குது போல."

அவள் பலகை அருகே வந்து குனிந்து பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக எறும்பைப் பார்த்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் எழுந்ததும் முதல் வேலை அதுதான். எறும்பு இருந்தால் அன்றைக்கு அவள் நடையே வேறாக இருக்கும்.

ஆனி கடைசியில் எறும்பு வருவது நின்றுவிட்டது. ஒன்றுகூட இல்லை. அக்கா தட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். தரையில், அடுப்படியில் எல்லாம் எறும்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜாடிப் பக்கம் மட்டும் வரவில்லை.

"பேஜாரா பூட்ச்சி அம்சா. அதுங்களுக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. வற்றிய மாட்டுக்கு வழக்கத்துக்கு மேல் தவிடு வைத்தாள். சுட்டி தட்டை நக்கிவிட்டு அவள் கையையும் நக்கியது.

ஆடி வெள்ளி காலையில் கோயில் முன்னால் வரிசையாகக் கல்லடுப்புகள். எங்கள் அடுப்பைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். தக்கை அடி வாங்கிய உரிமையில் கோவிந்தம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார். முருகையன் அடுப்புக்கு முன்னால் குந்தி, சவுக்கு மிளாறுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். புதுப் பானையில் மஞ்சள் கொத்துக் கட்டி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றிச் சூடேற்றினாள் அக்கா.

பிறகு முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஜாடியைத் திறந்தாள். சுற்றி இருந்த பெண்களும் சொல்லாமலே மூக்கை மூடிக்கொண்டார்கள். நெய்யைக் கரண்டியால் ஒதுக்கியதும் கீழே செம்மண் நிறத்தில் கெட்டியாக இருந்தது. பூஞ்சை இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது பாதிதானே. அகப்பை அகப்பையாக எடுத்துத் தண்ணீரில் விட்டுக் கரைத்தாள். கரையக் கரைய தண்ணீர் வெளுத்தது. முழுதும் வெள்ளையாகவில்லை, டீயில் பால் அதிகமாகிவிட்டதுபோல ஒரு நிறம்.

"கஞ்சி மாதிரி கீதுடி" என்றாள் கோவிந்தம்மாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரு தாயி" என்றார் பூசாரி.

ஓரத்தில் சின்னதாக நுரை கட்டியது. கட்டினது அடங்கியது. அக்கா பானையைப் பார்க்கவில்லை. முருகையன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னொரு மிளாறைத் தள்ளினார். நடுவில் மேல்பரப்பு லேசாக நடுங்கியது. திரிகிறதா என்று நான் கழுத்தை நீட்டினேன். திரிவதுபோல் தெரியவில்லை. நுரை ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து மூடிக்கொண்டது. மூடியது மெதுவாக மேலே ஏறியது.

"வருது" என்றார் முருகையன். அந்த ஆறு மாதத்தில் இந்த விஷயத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

பானைக் கழுத்தைத் தாண்டி, மஞ்சள் கொத்தை நனைத்துக்கொண்டு, கிழக்குப் பக்கமாக வழிந்து நெருப்பில் விழுந்து சுறுசுறுவென்றது. பூசாரி உடுக்கையைத் தட்டினார். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். அரிசியை நான்தான் போட்டேன்.

படைத்த பிறகு எல்லோருக்கும் வாழையிலைத் துண்டில் கொடுத்தோம். அக்கா முதன்முதலாக அதை நாக்கில் வைத்தாள். நல்ல ருசி. லேசாக வரட்டிப் புகை வாசம், தித்திப்பு கொஞ்சம் தூக்கல். மாமியார் தின்றுவிட்டு, "சக்கரைய அள்ளிக் கொட்டிக்கிறா" என்றார். இலையை மறுபடியும் நீட்டினார். போட்டதும், "மாடு கொட்டாயிலயே இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் ஜாடியைக் கழுவி வைக்கலாமென்று பலகையில் இருந்த தண்ணீர்த் தட்டை எடுத்தேன். தட்டுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிய இருட்டில், பலகை நீளத்துக்கும் கெட்டியாக மஞ்சள்தூள் போட்டிருந்தது. எறும்புச் சாரி ஏறிவருகிற வழியில்தான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நடைக்குப் போனாள். மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"பலகைல மஞ்சத்தூள் யாரு அத்தே போட்டது?"

"நாந்தான். எறும்பு புத்து வச்சா செவுரு உதுந்துடும்ல? செவுருக்குப் போட்டேன்."

"எறும்பு வரலன்னு நான் சோறு திங்காம கெடந்தேன் அத்தே."

"அது எனக்கு இன்னா தெரியும்? நீதான் மூக்கக் கட்டிக்கினு ஊமையா திரிஞ்சிக்கினு இருந்த." மாமியார் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டார். "காப்பி போடு போ. உங்கூட வந்த மாட்டுக்கு ஒரு நேர்ச்ச, அதுக்கு நான் மூணு மாசம் கசப்புத் தண்ணி."

வீட்டில் பால் இல்லை. மாடு வற்றிக் கிடந்தது. அக்கா ஜாடி அடியில் ஒட்டியிருந்ததை வெந்நீர் விட்டு அலசி, அதில் காப்பி போட்டுக் கொடுத்தாள். மாமியார் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் எங்கள் வீட்டில் ஒரு ஜாடி நிறைகிறது. அம்மனுக்கல்ல, எங்களுக்கு. மாடு வற்றிய மாதங்களில் வெந்நீரில் ஒரு கரண்டி கரைத்தால் பிள்ளைகளுக்குப் பால், காப்பிக்குப் பால். பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கும் விழுப்புரத்தில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கும் கொடுத்தனுப்பத் தெருவில் கேட்டுவாங்குகிறார்கள். கோவிந்தம்மாளும் செய்கிறாள். அவள் ஜாடியில் மட்டும் ஏனோ பூஞ்சை பிடிக்கிறது. துழாவும்போது எழுந்து எழுந்து போய் வாசலில் பேசுகிறாள், அதுதான் காரணம் என்று அக்கா சொல்கிறாள், அவள் இல்லாதபோது.

இது அறுபத்தேழாம் வருஷம். சுட்டி இப்போது கறப்பதில்லை. கொட்டகையில் முதல் முளையில் கட்டியிருக்கிறது, அதன் பேத்தி இரண்டாவது முளையில் கறக்கிறது. மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது, காப்பியில் பால் கூடுதலாக வேண்டும். அக்கா பால் பாத்திரத்தைத் திறக்கும்போது இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஜாடி பலகையில் முக்கால் அளவு நிறைந்திருக்கிறது.